ஜெர்மனிக்கு வரும் தம்பிக்கு, சாப்பாட்டுச் செலவு பற்றி

தம்பி, அக்டோபர் 1 அன்று ஜெர்மனியின் கிழக்கே இருக்கும் கெம்னிட்ஸில் படிக்க வந்து இறங்குவதாக எழுதியிருக்கிறாய். தனி ஆளுக்குச் சாப்பாட்டுக்கு மாதம் 100 யூரோ போதுமா, அதில் சத்தாகச் சாப்பிட முடியுமா, ஊரிலிருந்து என்னென்ன கட்டிக்கொண்டு வரலாம், எந்த சிம் நல்லது, பார்ட் டைம் வேலை கிடைக்குமா என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். சிம்முக்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வேலை விஷயத்தில், வருடத்துக்கு 140 முழு நாள் வரை சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் முதல் செமஸ்டரில் அதில் இறங்காதே. சாப்பாட்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். நானும் 2008-ல் விருதுநகரிலிருந்து அதே ஊருக்குத்தான் படிக்க வந்தேன். என் கடைசித் தம்பி வயசுதான் உனக்கு இருக்கும், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

100 யூரோ போதாது. அந்தக் கணக்கு உன்னுடையது இல்லை, யாரோ சீனியர் சொன்னது என்று தெரிகிறது. எங்கள் காலத்திலும் இப்படித்தான். "நான் மாசம் அறுபது யூரோவில் முடித்துவிடுவேன்" என்று ஒருவர் சொன்னால் இன்னொருவர் ஐம்பது என்பார். யார் குறைவாகச் செலவு செய்கிறார்கள் என்பதில் ஒரு போட்டி. என்ன சாப்பிட்டார்கள் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். காலையில் வெள்ளை பிரெட், மத்தியானம் ஒன்றும் இல்லை, ராத்திரி சோறும் ஊறுகாயும், அலுத்துப்போனால் நூடுல்ஸ். இதைச் சிக்கனம் என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

என் அறைத்தோழி நாகர்கோவில்காரி, படிப்பில் படுசுட்டி. வீட்டுக் கடனை நினைத்து நினைத்தே வாயைக் கட்டினாள். இரண்டாவது குளிர்காலத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, தொடை எலும்பெல்லாம் வலி என்பாள், ஒரு நாள் விடுதிப் படிக்கட்டில் கால் தளர்ந்து விழுந்தாள். ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்தும் இல்லை, வைட்டமின் டியும் இல்லை. அந்த செமஸ்டர் பரீட்சை எழுத முடியவில்லை. அரை வருஷம் தள்ளிப் போனால் வாடகையும் இன்ஷூரன்ஸும் எவ்வளவு ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார். அவள் சாப்பாட்டில் மிச்சம் பிடித்தது அதில் ஒரு மூலைக்குக் காணாது.

அதனால் 200 யூரோ ஒதுக்கிவிடு. விசாவுக்காக முன்கூட்டியே போட்டு வைத்து மாதாமாதம் எடுக்கிற பிளாக்டு அக்கவுண்டுக்கான தொகையை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 11,904 யூரோ ஆக்கினார்கள். மாதத்துக்கு 992 வரும். கெம்னிட்ஸில் வாடகை மற்ற ஊர்களைப் பார்க்க மிகவும் குறைவு. மியூனிக் பிள்ளைகள் வாடகைக்குக் கொட்டுகிற காசை நீ தைரியமாக வயிற்றுக்குக் கொடுக்கலாம்.

இப்போது எப்படிச் சாப்பிடுவது என்பதற்கு வருகிறேன். மத்தியானச் சாப்பாடு மென்சாவில். பல்கலைக்கழக உணவகத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள், மாணவர் அட்டைக்குத் தனி விலை, பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து யூரோவுக்குள் முடிந்துவிடும். சைவம் தினமும் இருக்கும். ஐன்டோப் என்று பருப்போ பட்டாணியோ காய்கறியோடு கொதிக்க வைத்து ஒரு கிண்ணம் தருவார்கள், விலை இன்னும் குறைவு, குளிருக்கு அருமையாக இருக்கும். "உப்பு உறைப்பு இல்லை" என்று நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். பையில் ஒரு சின்ன டப்பா மிளகுத்தூள் வைத்துக்கொண்டால் தீர்ந்தது. மென்சாவை ஒதுக்கிவிட்டு, ரொட்டிக்குள் இறைச்சி வைத்துத் தருகிற டோனர் கடையில் நிற்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பொறுக்காது. நான் வந்தபோது மூன்று யூரோ சொச்சத்துக்குக் கிடைத்தது, இப்போது ஏழுக்குக் குறைவாகக் கிடைப்பதே அரிது. டோனர் விலைக்கு அரசாங்கம் உச்சவரம்பு வைக்க வேண்டும் என்று 2024-ல் இடதுசாரிக் கட்சி கோரிக்கை வைக்கிற அளவுக்கு ஏறிவிட்டது.

ராத்திரி நீயே சமை. இதற்கு இந்தியக் கடையே வேண்டாம். ஆல்டி, லிடில், நெட்டோ என்று இருக்கும் மலிவு விலைக் கடைகள் எதில் நுழைந்தாலும் 'ரோட்டே லின்சன்' என்று பாக்கெட் இருக்கும், நம் மைசூர் பருப்புதான். குக்கர் இல்லாமலே கால் மணி நேரத்தில் குழைந்துவிடும், சாம்பாருக்கும் ஆகும், கூட்டுக்கும் ஆகும். 'பார்பாயில்டு' என்று போட்ட நீள அரிசி புழுங்கல் அரிசிதான். 'மில்ஷ்ரைஸ்' என்று குண்டு குண்டாக ஒன்று இருக்கும், பார்க்க நம் அரிசி மாதிரியே இருக்கும், அதைத் தொடாதே. அது பால் விட்டுப் பாயசம் போல் கிண்டுகிற அரிசி, சோறு வடித்தால் களியாகிவிடும்.

அப்புறம் குவார்க். தயிருக்கும் பனீருக்கும் நடுவில் இருக்கும். கொழுப்பு நீக்கியதை மாகர்குவார்க் என்பார்கள். அரைக்கிலோ டப்பா அநேகமாக ஒன்றரை யூரோவுக்குள் இருக்கும், அதில் 60 கிராம் புரதம் இருக்கிறது. புரோட்டீன் பவுடருக்கு முப்பது நாற்பது யூரோ கொடுக்கிற பையன்களைப் பிடித்து உலுக்கலாம் போலிருக்கும் எனக்கு. கொஞ்சம் பால் விட்டு அடித்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு, கடுகு தாளித்துக் கொட்டிப் பார். முழுத்தானிய ரொட்டியில் தடவிச் சாப்பிடலாம், சோற்றுக்கும் தொட்டுக்கொள்ளலாம். என் வீட்டில் பிள்ளைகளுக்கு இன்று வரை காலை உணவு அதுதான்.

காய்கறியில்தான் நம் ஆட்கள் காசைக் கரைக்கிறார்கள். டிசம்பரில் வெண்டைக்காயும் முருங்கைக்காயும் தேடி ரயிலேறி லைப்ஸிக் போவார்கள். விமானத்தில் வந்து வாடிக் கிடக்கிற காய்க்கு யானை விலை. இந்த மண்ணில் விளைவதைச் சாப்பிடு தம்பி. இலையுதிர் காலத்தில் ஹொக்கைடோ என்று ஒரு சின்னச் செம்பூசணி வரும், தோல் சீவ வேண்டாம், அப்படியே சாம்பாரில் போடலாம். முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட் குளிர் முழுக்க மலிவு, நூல்கோல் இலையுதிர் காலம் வரை மலிவு. கீரைக்கு உறைபனிப் பெட்டியில் இருக்கும் ஸ்பினாட் வாங்கு, பூண்டும் சீரகமும் போட்டுக் கடைந்தால் மசியல் ரெடி. உறைய வைத்த காயில் சத்து இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. பறித்த சூட்டில் உறைய வைப்பதால் சத்து பெரிதாகக் குறைவதில்லை.

நூல்கோல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இங்கே அதை வாங்குகிறவர்கள் இலையைத் திருகிப் பக்கத்து அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். நல்ல இளம் இலை, நரம்பைக் கிழித்து எடுத்துவிட்டுப் பொடியாக அரிந்து தேங்காய்த் தூள் தூவினால் முருங்கைக்கீரைப் பொரியலுக்குப் பக்கத்தில் நிற்கும். நான் பையில் அள்ளுவதைப் பார்த்து கல்லாவில் இருந்த அம்மா "முயல் வளர்க்கிறாயா?" என்று கேட்டார். இல்லை, சமைக்கப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் செய்முறையை விளக்கினேன். அதற்கப்புறம் நான் போகும்போதெல்லாம் வாடாத இலையாகப் பொறுக்கி எடுத்து வைத்திருப்பார், காசு வாங்க மாட்டார். போரின்போது அவருடைய பாட்டியும் அந்த இலையைச் சமைப்பாராம்.

கொத்தமல்லிக்கும் மிளகாய்க்கும் வியட்நாம்காரர் கடைக்குப் போ. கிழக்கு ஜெர்மனியாக இருந்த காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்கள் அவர்கள். பெர்லின் சுவர் விழுந்த பிறகு வேலை போய், காய்கறிக் கடையும் துணிக் கடையும் வைத்துத் தலையெடுத்தார்கள். நான் போன கடையில் ஒரு அக்கா, ஜெர்மன் எனக்கும் தகராறு, அவருக்கும் தகராறு. மிளகாயைக் கையில் எடுத்துக் கண்ணை மூடிக் காட்டினால் காரமான ரகம் என்று அர்த்தம். கறிவேப்பிலை வரும் நாளில் எனக்கென்று ஒரு கட்டு ஒதுக்கி வைப்பார். வந்து பத்து வருஷமான பிறகும் நம் ஆட்கள் சிலர் இந்தியக் கடை, இந்திய நண்பர், இந்தியச் சங்கம் என்றே சுற்றுகிறார்கள். எனக்கு இந்த நாட்டில் முதலில் அன்பு காட்டியவர்கள் அந்தக் கல்லா அம்மாவும் இந்த வியட்நாம் அக்காவும்தான்.

விலை பார்க்கும்போது பெரிய எழுத்தை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பதைப் பார். சலுகை என்று அடுக்கியிருப்பது பல நேரம் அதில்தான் அம்பலப்படும். சாயங்காலம் 30 சதவீதக் கழிவு ஒட்டிய ரொட்டி, தயிர் கிடைக்கும், வாங்கலாம். குடிக்கக் குழாய்த் தண்ணீரே போதும், நல்ல தண்ணீர்.

வைட்டமின் டியை மட்டும் சாப்பாட்டால் சரிக்கட்ட முடியாது. இந்த நாட்டில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெயிலில் நின்றாலும் உடம்பு அதைப் போதுமான அளவு உண்டாக்காது. உடம்புக்கு வெயில் கிடைக்காத நிலையில் ஒரு நாளைக்கு 20 மைக்ரோகிராம், அதாவது 800 யூனிட் தேவை என்பது ஜெர்மன் ஊட்டச்சத்துச் சங்கத்தின் கணக்கு. வந்த மாதமே மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள். நீ சுத்த சைவமாக இருந்தால் வைட்டமின் பி12 பற்றியும் கேள். தானாக வீரியம் கூடின மாத்திரை வாங்கி விழுங்காதே.

மூட்டை கட்டுவதைப் பற்றிக் கேட்டாய். சாம்பார் பொடி, புளி, பெருங்காயம், வீட்டு மிளகாய்த்தூள் கொண்டு வா. அடி கனமான சின்ன எவர்சில்வர் குக்கர் ஒன்று போதும். அலுமினியம் வேண்டாம், சில வீடுகளில் இண்டக்ஷன் அடுப்பு இருக்கும். அரிசி பருப்பெல்லாம் சுமக்காதே. அம்மா நெய் பாட்டிலும் பால்கோவாவும் கட்டித் தருவார்கள், மனசைக் கல்லாக்கிக்கொண்டு வேண்டாம் என்று சொல். வெளிநாட்டிலிருந்து பால் பொருள், இறைச்சி கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை இருக்கிறது, சுங்கத்தில் பிடித்தால் போச்சு. உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் வாங்கி இருபது நிமிஷம் உருக்கினால் வீட்டு நெய் கிடைத்துவிடும். முருங்கை இலைக்குப் பதிலாக அந்த நூல்கோல் தளிர் ஒன்றைப் போட்டு இறக்கு.

ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே குறித்துக்கொள். இங்கே ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையிலும் கடைகள் திறக்காது. அக்டோபர் 3 ஜெர்மன் ஒருமைப்பாட்டு நாள், அன்றும் மூடியிருக்கும், ஞாயிறு பக்கத்தில் வந்தால் சேர்ந்தாற்போல் இரண்டு நாள். நீ வந்து இறங்கிய அலுப்பில் தூங்கிவிடுவாய். 2-ஆம் தேதி சாயங்காலத்துக்குள் அரிசி, மைசூர் பருப்பு, வெங்காயம், முட்டை, தயிர் இவற்றை வாங்கி வைத்துவிடு.