பிள்ளை பிறந்ததும் சீனி இறங்குமா?

கேள்வி: எனக்கு ஆறாம் மாதம் முடிகிறது. கிளினிக்கில் குளுக்கோசு கரைத்துக் குடிக்கத் தந்து இரத்தம் எடுத்தார்கள். சீனி கூட என்கிறார்கள். முதல் பரிசோதனையில் சரியாகத்தான் இருந்தது. குடும்பத்தில் ஒருவருக்கும் சீனி வருத்தம் இல்லை. "தயிரும் பாணியும் தின்று தின்றுதான்" என்கிறா மாமி. பிள்ளை பிறந்தால் மாறுமா?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில் (ஓய்வுபெற்ற குடும்பநல மாது): மகள், பாணிக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன், அதை இன்றைக்கே நிறுத்துங்கள். ஆனால் முதலில் சரியாக இருந்த சீனி இப்போது ஏறியதற்குப் பெரிய காரணம் உங்கள் வாய் இல்லை, கருப்பையில் பிள்ளைக்கு உணவூட்டுகிற நச்சுக்கொடி.

பிரசவம் முடிந்ததும் அதைத் தட்டில் வைத்துப் புரட்டி, துண்டு ஏதும் உள்ளே நின்றுவிட்டதா என்று பார்ப்போம். ஏறக்குறைய அரைக் கிலோ சதை. பார்த்தால் ஒன்றுமில்லை, ஆனால் அது சுரக்கிற ஹோர்மோன்கள் கொஞ்சநஞ்சமல்ல. லக்டோஜன் (கடையில் விற்கிற பால்மா இல்லை, இது ஒரு ஹோர்மோன்), தனக்கென்று ஒரு வளர்ச்சி ஹோர்மோன், புரோஜெஸ்தரோன் எல்லாம் தாயின் இரத்தத்தில் கலந்து, இரத்தச் சீனியை இறக்குகிற இன்சுலினின் சொல்லைத் தாயின் தசை கேளாதபடி செய்கின்றன. அதனால் சாப்பிட்ட பிறகு குளுக்கோசு இரத்தத்தில் கூட நேரம் நிற்கும், பிள்ளை எடுத்துக்கொள்ளும். தாயின் உடம்பு கொழுப்பை எரித்துச் சமாளிக்கும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதுதான் நடக்கிறது. சதையி கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டினால் சரி, முடியாவிட்டால் சீனி ஏறும். நச்சுக்கொடி வளர வளர இந்த ஹோர்மோன்களும் கூடும். 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பரிசோதிப்பது அதற்காகத்தான்.

ஊசி போடச் சொன்னால் பயப்பட வேண்டாம். இன்சுலின் நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகாது, தாண்டிப் போவது சீனிதான். அது கூடினால் பிள்ளையே இன்சுலினை அள்ளிச் சுரந்து கொழுக்கும். பிறந்தவுடன் அதற்குச் சீனி சடாரென்று இறங்கும்.

அதற்காகப் பட்டினியும் கிடக்காதீர்கள். வயிறு காய்ந்தால் கர்ப்பிணியின் உடம்பு மற்றவர்களை விடச் சீக்கிரம் கொழுப்பை உருக்கத் தொடங்கி, கீற்றோன் என்ற அமிலப் பொருள் இரத்தத்தில் சேரும். சஷ்டி விரதத்தை இந்த வருடம் மாமி பிடிக்கட்டும். பிட்டைக் குறைத்து, மீனும் கீரையும் கூட்டி, நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

நச்சுக்கொடி வெளியே வந்ததும் அதன் ஹோர்மோன்கள் மளமளவென்று குறைந்துவிடும். பெரும்பாலானோருக்குச் சில நாட்களிலேயே சீனி இறங்கும். ஆனாலும் ஆறு வாரத்தில் திரும்பவும் அந்தக் கரைசலைக் குடித்துப் பார்க்க வேண்டும். பின்னாளில் சீனி வருத்தம் வருகிற வாய்ப்பு உங்களுக்குக் கூட என்பதால், அதற்குப் பிறகும் வருடா வருடம் பாருங்கள். ஆறாம் வாரப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போய் இரண்டு மணித்தியாலம் இருக்க வேண்டும். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போங்கள், நடுவில் பால் கொடுக்கலாம்.