ஆக்சஸ் ஃபைலைத் தூக்கிப் போட வேண்டாம், இரண்டாகப் பிரித்தால் போதும்

கேள்வி: திண்டுக்கல்லில் மோட்டார் பம்ப் உதிரி பாகங்கள் மொத்த வியாபாரம் செய்கிறோம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு தம்பி மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் (தகவல்களைச் சேர்த்து வைக்கும்) புரோகிராமில் பில் போடவும் ஸ்டாக் பார்க்கவும் ஒரு சாஃப்ட்வேர் செய்து கொடுத்தார். அவர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். முதலில் ஒரு கம்ப்யூட்டர்தான். இப்போது கடையில் இரண்டு, குடோனில் ஒன்று என மூன்றிலும் அதே ஃபைலைத் திறக்கிறோம். இரண்டு மாதமாக, வாரத்துக்கு ஒரு முறையாவது, டேட்டாபேஸ் சீராக இல்லை என்று இங்கிலீஷில் ஒரு செய்தி வந்து நின்றுவிடுகிறது. சர்வீஸ் பார்ப்பவர், "ஆக்சஸையே நிறுத்திட்டாங்க, க்ளவுடுக்கு மாறுங்க" என்று 1,80,000 ரூபாய் கேட்கிறார். அதற்கு மேல் வருடச் சந்தா தனி. இதில் கணக்கு வைப்பது சட்டப்படி தப்பு என்றும் சொல்கிறார். மகள் பி.காம். சி.ஏ. (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளே கற்றுக்கொண்டு இதைப் பார்த்துக்கொள்ள முடியுமா?

பதில்: முதலில் அந்த 1,80,000 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் சாஃப்ட்வேருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒருவருக்காகச் செய்த நாற்காலியில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரி செய்துவிடலாம்.

வங்கியில் கவுண்டரில் இருப்பவரிடம் சீட்டைக் கொடுக்கிறோம், பேரேட்டில் அவர்தான் எழுதுகிறார். பெரிய டேட்டாபேஸ்கள் அப்படித்தான் வேலை செய்கின்றன. நடுவில் சர்வர் என்று ஒன்று உட்கார்ந்து, எல்லோருடைய சீட்டையும் வாங்கித் தானே எழுதும். ஆக்சஸில் அந்தக் கவுண்டர் கிடையாது. மூன்று கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியாகக் கையை நீட்டி, நேராக அந்த ஃபைலுக்குள்ளேயே எழுதுகின்றன. எழுதும் நேரத்தில் ஒன்றின் இணைப்பு ஒரு நொடி அறுந்தால் போதும், பாதி எழுதிய பக்கம் அப்படியே நின்றுவிடும். அடுத்து திறப்பவருக்கு அந்தச் செய்தி வரும்.

குடோன் கம்ப்யூட்டர் வைஃபையில்தானே ஓடுகிறது? நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் அடித்துச் சொல்வேன். வைஃபையில் வீடியோ பார்க்கலாம், நடுவில் அறுந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆக்சஸுக்கு அந்தப் பொறுமை இல்லை. நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள். கேபிள் இழுக்க முடியாத தூரம் என்றால் குடோனில் இருப்பவர் இந்த ஃபைலைத் திறக்கவே வேண்டாம், ஸ்டாக்கை போனில் கேட்டுக்கொள்ளட்டும்.

அடுத்தது பிரிப்பது. இப்போது உங்களிடம் ஒரே ஃபைலில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று சரக்கு, பில், வாடிக்கையாளர் என்ற டேபிள்கள். இன்னொன்று அவற்றைக் காட்டும் ஃபார்ம்கள், ரிப்போர்ட்கள், கோடு (சாஃப்ட்வேரை ஓட்டும் புரோகிராம் வரிகள்). டேபிள்களை மட்டும் தனி ஃபைலாக்கி ஒரு கம்ப்யூட்டரின் ஷேர் ஃபோல்டரில் வைக்க வேண்டும். இதை பேக் எண்ட் என்பார்கள். மற்றதெல்லாம் ஃப்ரண்ட் எண்ட். அதன் பிரதி ஒன்று ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும், அதனதன் சொந்த டிஸ்க்கில் இருக்க வேண்டும். மூன்று பேரும் ஷேர் ஃபோல்டரில் இருக்கும் ஒரே ஃப்ரண்ட் எண்டைத் திறந்தால் பிரித்தும் பயனில்லை. பாதிப் பேர் இந்தத் தவறைத்தான் செய்கிறார்கள். பிரித்துக் கொடுக்க ஆக்சஸிலேயே படிப்படியாகக் கேட்டுச் செய்து தரும் விஸார்ட் ஒன்று உண்டு. வேலைக்கு முன்னால் பிரதி எடுத்து வைத்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

பிரித்து, கேபிளும் போட்ட பிறகும் செய்தி தொடர்ந்தால் இன்னொன்று இருக்கிறது. விண்டோஸில் லீசிங் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஷேர் ஃபைலின் ஒரு பகுதியை ஒவ்வொரு கம்ப்யூட்டரும் வேகத்துக்காகத் தன் நினைவிலேயே வைத்துக்கொள்ளும். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்புக்கு அப்புறம் நீங்கள் பார்க்கும் அதே செய்தி ஊரெல்லாம் கேட்டது. பேக் எண்ட் இருக்கும் கம்ப்யூட்டரில் லீசிங்கை நிறுத்தினால் அது அடங்குகிறது. ஒரு வரிக் கட்டளைதான். மைக்ரோசாஃப்டுக்கே தெரிந்த விஷயம். இருந்தும் செய்திப் பெட்டியில் காரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பயனாளியைப் பயமுறுத்தத் தெரிந்தவர்களுக்கு வழி சொல்லத் தெரியவில்லை.

இனி உங்களுடைய உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. அந்தத் தம்பி கொடுத்த ஃபைலின் பெயர் எப்படி முடிகிறது? ஏசிசிடிபி என்று முடிந்தால் நிம்மதி. ஏசிசிடிஇ என்று முடிந்தால், ஐகானிலும் ஒரு பூட்டுப் படம் தெரியும், அதில் கோடு கிடையாது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை வாடகைக்கு விட்ட கதை. ஃபார்மிலோ ரிப்போர்ட்டிலோ ஒரு கட்டத்தைக்கூட நகர்த்த முடியாது. ஆஃபீஸ் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகையில் வரும். புது கம்ப்யூட்டர் வாங்கி அதில் 64 பிட் ஆஃபீஸ் போட்டிருந்தால், 32 பிட்டில் செய்த ஏசிசிடிஇ ஃபைல் திறக்கவே திறக்காது. "பழைய சாஃப்ட்வேர், இனி ஓடாது" என்று கடைக்காரர் கையை விரிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 64 பிட்டை எடுத்துவிட்டு 32 பிட் ஆஃபீஸைப் போட்டால் ஓடும். வெறுமனே ஓட்டுவதற்கு மட்டும் என்றால் ஆக்சஸ் ரன்டைம் இலவசமாகவே கிடைக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரில் எக்செலே வேண்டாம் என்றால் ரன்டைமே போதும்.

அதனால் இன்றைக்கே தம்பிக்கு ஒரு செய்தி அனுப்பி, பூட்டாத மூல ஃபைலையும் பாஸ்வேர்டு இருந்தால் அதையும் கேளுங்கள். கோபமாகக் கேட்காதீர்கள். ஒரு தொகை கேட்டால் பேசிக் கொடுத்துவிடுங்கள், அந்தப் பணத்துக்கு மதிப்பு உண்டு. தர மாட்டேன் என்றாலும் குடி முழுகிப்போகாது. பாஸ்வேர்டு தெரிந்தவரை, பூட்டிய ஃபைலிலிருந்தும் டேபிள்களை வேறொரு புது ஃபைலுக்குள் கொண்டுவர முடியும். பிறகு பூட்டிய ஃபைலில் அந்த டேபிள்களை நீக்கிவிட்டு, புதிய பேக் எண்டுடன் இணைக்கவும் முடியும். சில கோடுகள் இணைத்த டேபிளோடு ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கும். அதை ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனிமேல் யாரிடம் சாஃப்ட்வேர் செய்யச் சொன்னாலும், கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்னால் மூல ஃபைல் உங்கள் பென் டிரைவில் இருக்க வேண்டும். இருபது வருடமாக இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். வீட்டுப் பத்திரம் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதவர்கள், சாஃப்ட்வேருக்கு மட்டும் கொடுத்துவிடுகிறார்கள்.

"ஆக்சஸையே நிறுத்திட்டாங்க" என்பது பொய். பிரவுசரில் ஓடும் ஆக்சஸ் வெப் ஆப் என்று ஒன்றை மைக்ரோசாஃப்ட் கொஞ்ச காலம் நடத்தி 2018-இல் மூடியது. அந்தச் செய்தியை அரைகுறையாகக் காதில் வாங்கியவர்கள் இன்னும் வியாபாரம் பண்ணுகிறார்கள். டெஸ்க்டாப் ஆக்சஸுக்கு 2024 பதிப்பே வந்திருக்கிறது. பழைய பதிப்புகளுக்குத்தான் கெடு உண்டு. ஆஃபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. உங்களுடையது அதில் ஒன்றா என்று பாருங்கள். ஆக்சஸுக்கு எல்லையே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். ஒரு ஃபைல் 2 ஜிபியைத் தாண்ட முடியாது. உதிரி பாகக் கடையின் பில்கள் அதைத் தொட வெகுகாலம் ஆகும், பில்லை ஸ்கேன் செய்து படமாக உள்ளே திணிக்காதவரை.

க்ளவுடு என்ற பெயரில் இன்னொரு கூத்தும் நடக்கிறது. ஃபைலை அப்படியே கூகுள் டிரைவ் அல்லது ஒன்டிரைவ் ஃபோல்டரில் போட்டு, "இப்ப எங்கிருந்தும் பாக்கலாம்" என்று காசு வாங்கிக்கொண்டு போகிறார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்தால் இரண்டு பிரதிகள் உருவாகும். எந்தப் பிரதியில் எந்த பில் இருக்கிறது என்று பிறகு கடவுளுக்குத்தான் தெரியும். வேலை முடிந்து ஃபைலை மூடிய பிறகு பேக்கப் பிரதியை அங்கே போடுங்கள், அதற்கு மட்டும் அது நல்லது.

சரி, சட்ட விஷயம். 2023 ஏப்ரல் 1 முதல் ஒரு விதி அமலில் இருப்பது உண்மை. கணக்கு எழுதும் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு தானாகப் பதிவாக வேண்டும், அந்தப் பதிவை யாரும் நிறுத்த முடியக் கூடாது. ஆனால் அது கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனிகளுக்குப் போட்ட விதி. உங்கள் கடை உங்கள் பெயரிலோ குடும்பத்தில் ஒருவர் பெயரிலோ தனி உரிமையாக இருந்தால், அல்லது கூட்டாண்மையாக இருந்தால், இது உங்களைத் தொடாது. பெயருக்குப் பின்னால் பிரைவேட் லிமிடெட் என்று இருந்தால் தொடும். சிறிய கம்பெனிதானே என்ற சலுகை இதில் இல்லை. வங்கிக் கடனுக்காகவோ டெண்டருக்காகவோ யாரோ சொன்னார்கள் என்று ஒரு நபர் கம்பெனி பதிவு செய்து, அதை மறந்தே போனவர்கள் உண்டு. அதுவும் கம்பெனிதான், விதி அதற்கும் பொருந்தும். ஆக்சஸில் ஒவ்வொரு திருத்தத்தையும் தனி டேபிளில் எழுதிவைக்கும் வசதியை ஏற்படுத்தலாம். 2010 பதிப்பிலிருந்தே அதற்கு டேட்டா மேக்ரோ உண்டு (மேக்ரோ என்றால் கோடு எழுதாமலே அமைக்கும் கட்டளைத் தொகுப்பு). ஆனால் ஃபைலைத் திறக்கத் தெரிந்தவர் அதை அழித்துவிடலாம் அல்லவா? நிறுத்த முடியக் கூடாது என்ற நிபந்தனை அங்கேயே அடிபட்டுப் போகிறது. எனவே கம்பெனி என்றால் கணக்குப் புத்தகத்தை அதற்கென்று வந்த சாஃப்ட்வேரில் வைத்துவிட்டு, ஆக்சஸை ஸ்டாக் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் இ-இன்வாய்ஸ் என்று இன்னொன்று வரும், அதையும் அவரே சொல்வார்.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். கல்லூரியில் கற்றதை வைத்து முடியுமா என்றால் தெரியாது. 1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6 என்ற புரோகிராம் மொழியை இன்னும் லேப் ரெக்கார்டில் கையால் எழுதவைக்கும் கல்லூரிகளைப் பார்த்திருக்கிறேன். நாற்பது பேர் ரெக்கார்டிலும் அதே பிழை, அதே பக்கத்தில் இருக்கும். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பது என்றால் அங்கே அதுதான்.

இந்தத் தொழிலில் உண்மையாகவே சக ஆட்களிடம்தான் கற்க முடியும், ஆனால் வேறு மாதிரி. மைக்ரோசாஃப்ட் தரும் நார்த்விண்ட் மாதிரி டேட்டாபேஸை அவள் முதலில் திறக்கட்டும். பழையது வேண்டாம், 2023-இல் அனுபவமுள்ள ஆக்சஸ் டெவலப்பர்கள் சேர்ந்து புதிதாக எழுதியது. ஆரம்பப் பதிப்பு பெரும்பாலும் மேக்ரோவில், டெவலப்பர் பதிப்பு கோடில் இருக்கும். டேபிள்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்ற படத்தை முதலில் பார்க்கட்டும், பிறகு உங்கள் கடை டேபிள்களை அதே மாதிரி காகிதத்தில் வரைந்து பார்க்கட்டும். கோடைத் தொட அப்புறம் நேரம் இருக்கிறது.

ஊரில் ஆக்சஸ் தெரிந்த யாராவது ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் போகும்போது "ஓடல அண்ணா" என்று போகக் கூடாது. பிழையின் எண், எந்த வரியில் நின்றது, கடைசியாக என்ன மாற்றினோம், இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு போக வேண்டும். வாடிக்கையாளர் பெயரும் போன் நம்பரும் நீக்கிய சின்னப் பிரதியைத்தான் காட்ட வேண்டும். முழு ஃபைலையும் வாட்ஸ்அப்பில் அனுப்புவது, கடைச் சாவியை அனுப்புவதற்குச் சமம்.

அவர் கொடுக்கும் கோடை அப்படியே ஒட்டவும் கூடாது. நானே பட்டிருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு மாவு மில்லுக்கு எழுதும்போது, நண்பர் ஒருவருடைய கோடை அப்படியே எடுத்துப் போட்டேன். அதன் தலையில் 'ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்று ஒரு வரி. பிழை வந்தால் சத்தம் போடாமல் அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். மூன்று மாதம் ஒரு பிழையும் வரவில்லை, எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்டாக் எடுத்தபோது கணக்கில் இருந்த மூட்டைகள் குடோனில் இல்லை. மில்லில் எழுத்தரைத் திருடன் என்றே நினைத்துவிட்டார்கள். வயதில் மூத்த ஒரு டெவலப்பர்தான் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். அர்த்தம் சொல்லத் தெரியாத வரி எது வந்தாலும் நீக்கு என்றார். உங்கள் மகளும் அப்படிச் செய்யட்டும்.

தமிழில் எழுதும்போது ஒரு சின்னத் தொல்லை உண்டு. யூனிகோடு என்ற பொது எழுத்து முறையில் தமிழ் டேபிளிலும் ஃபார்மிலும் ஒழுங்காக வரும். கோடு எழுதும் ஜன்னலில் மட்டும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். அவள் தன் தப்பு என்று நினைத்து ஒரு ராத்திரியை வீணாக்க வேண்டாம், அந்த ஜன்னலுக்கு யூனிகோடு தெரியாது. தமிழ் வாசகங்களை ஒரு டேபிளில் வைத்து அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

முதல் பயிற்சியாக அவள் ஒன்று பார்க்கலாம். உங்கள் பில் எண், ஆக்சஸே தானாகப் போடும் ஆட்டோநம்பர் என்ற வகையில் இருக்கிறதா? இருந்தால், பாதியில் ரத்து செய்த பில்லின் எண் திரும்ப வராது, வரிசையில் ஓட்டை விழும். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் நிதியாண்டு முழுக்கத் தொடர் வரிசையில், 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தனி எண்ணாக மாற்றுவதற்குள் அவளுக்குப் பாதி ஆக்சஸ் தெரிந்துவிடும்.

இன்று இரவு கடையை மூடியதும் மூன்று கம்ப்யூட்டரிலும் சாஃப்ட்வேரை மூடுங்கள். ஃபோல்டரில் எல்ஏசிசிடிபி என்று முடியும் சின்னப் பூட்டு ஃபைல் மறைந்ததா என்று பாருங்கள். மறையாவிட்டால் பெரும்பாலும் யாரோ எங்கோ இன்னும் திறந்து வைத்திருக்கிறார். மறைந்ததும் பெரிய ஃபைலைத் தேதி போட்டு பென் டிரைவில் பிரதி எடுங்கள். அப்புறம் அதன் பெயர் 'பி'யில் முடிகிறதா 'இ'யில் முடிகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள், அடுத்ததை அதை வைத்துச் சொல்கிறேன்.