ஆணி அடித்தால் ஆண் பப்பாளி காய்க்குமா?

கேள்வி: கொல்லையில் தானாக முளைத்த பப்பாளி எட்டு மாதத்தில் ஆளுயரம் தாண்டிவிட்டது. கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. "ஆண் மரம், தண்டில் ஆணி அடி, பெண்ணாகிவிடும்" என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. நுனியை வெட்டச் சொல்கிறார் மாமனார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: ஆணியைக் கொஞ்சம் கீழே வையுங்கள். முதலில் பூவைப் பார்க்கலாம்.

பூங்கொத்து கிளைத்த காம்பில் முழ நீளத்துக்குத் தொங்குகிறதா? ஒரு பூவைப் பறித்து நகத்தால் நீளவாக்கில் கிழியுங்கள் (பால் பட்டால் கையைக் கழுவிவிடுங்கள், சிலருக்கு அரிக்கும்). மெல்லிய குழலின் வாயருகே மஞ்சளாக மகரந்தப் பைகள் பத்து இருக்கும். அடியில், காயாக வேண்டிய சூலகத்தின் இடத்தில், ஊசிமுனை போல ஒரு துணுக்கு மட்டும் தெரிந்தால் அது ஆண் மரம்தான், பாட்டி சொன்னது சரி. பெண் பூ இப்படித் தொங்காது. இலைக்காம்பின் இடுக்கில், தண்டை ஒட்டி, அடி பருத்து உட்கார்ந்திருக்கும். கிழித்தால் உள்ளே பச்சையாக ஒரு குட்டிப் பப்பாளியே இருக்கும்.

பனையைப் போல ஆண், பெண் என இரண்டோடு பப்பாளி நிற்பதில்லை. ஒரே பூவில் மகரந்தமும் சூலகமும் உள்ள இருபால் மரமும் உண்டு. கடையில் வாங்கும் நீளப் பழம் அதில் காய்த்தது, உருண்டைப் பழம் பெண் மரத்தில் காய்த்தது. இருபால் மரம் கோடை வெயிலில் சூலகம் சுருங்கி, சில வாரம் ஆண் பூ போலவே பூத்து உதிர்க்கும். குட்டைக் காம்பில் பூத்து உதிர்க்கிற மரத்தை அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள்.

இனி ஆணிக்கு வருவோம். இது எந்த மரம் என்பது விதையிலேயே முடிவாகிவிட்டது. நம்மைப் போலவே பப்பாளிக்கும் எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் உண்டு. இரண்டு எக்ஸ் சேர்ந்தால் பெண், எக்ஸோடு ஒய் சேர்ந்தால் ஆண். அந்த ஒய்யிலேயே சற்று மாறிய இன்னொரு வகை வந்தால் இருபால். தண்டின் ஒவ்வொரு செல்லிலும் எழுதியிருப்பதை ஒரு இரும்பாணி எப்படி அழிக்கும்? நுனியை வெட்டினால் பக்கக் கிளை வெடிக்கும், பொதுவாக அதுவும் ஆணாகத்தான் பூக்கும். பிறகு ஆணி அடித்துக் காய்த்ததாகச் சொல்கிறார்களே என்றால், பருவம் மாறும்போது சில ஆண் மரங்கள் தாமாகவே நீளக் காம்பின் நுனியில் இரண்டொரு காய் தொங்கவிடும். அந்த நேரம் பார்த்து ஆணி அடித்தவருக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. செய்யாறு திருவோத்தூரில் சம்பந்தர் பாடி ஆண்பனை குலை ஈன்றது என்பார்கள். அதற்கும் பதிகம் வேண்டியிருந்தது, ஆணி அல்ல!

ஆகவே மரத்தை விட்டுவிட்டு விதையைக் கவனியுங்கள். நன்றாகப் பழுத்த நீளப் பழத்தின் விதையை எடுங்கள். இருபால் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும். அந்த விதையில் மூன்றில் இரண்டு பங்கு இருபால், ஒரு பங்கு பெண், ஆண் வராது. (இரண்டு ஒய் சேர்ந்த கரு பிழைப்பதில்லை. அதனால்தான் முழுக்க இருபாலாகவே வரும் விதை பொதுவாகக் கிடைப்பதில்லை.) உருண்டைப் பழ விதை அப்படியல்ல. பூவுக்கு ஆண் மரத்து மகரந்தம் வந்திருந்தால் பாதிக்குப் பாதி ஆண். ரெட் லேடி போன்ற கலப்பினப் பழமானால் விதை முளைக்கும், ருசி அப்படியே வருமென்று உறுதி சொல்ல முடியாது.

ஒரே குழியில் மூன்று நான்கு நாற்று நடுங்கள். நாற்றைப் பார்த்துப் பால் சொல்ல யாராலும் முடியாது. நான்கிலிருந்து ஆறு மாதத்தில் பூ வந்ததும் நல்ல இருபால் கன்று ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கிவிடலாம்.

அதுவரை பழைய மரம் நிற்கட்டும். ஒருவேளை உங்களுக்குப் பெண் கன்றுதான் அமைந்தது என்றால் அதற்கு மகரந்தம் வேண்டும். தோட்டக்காரர்களே இருபது பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் விட்டுவைப்பார்கள். அந்தியில் வரும் அந்துப்பூச்சியும் காற்றும் மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கும். இருபால் கன்று கிடைத்துவிட்டால் ஆண் மரத்தை வெட்டிக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒருநாள் அந்தப் பூவைப் பொரியல் செய்து பாருங்கள். இந்தோனேசியாவின் மனாடோ பக்கம் விரும்பிச் சாப்பிடுவார்கள். பாகற்காய் பிடிக்கிறவர்களுக்குப் பிடிக்கும்.