ரோமப் பேரரசர் பட்டியலில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது?

கேள்வி: கி.பி. 235 முதல் 476 வரையிலான ரோமப் பேரரசர்களை ஆண்டுவாரியாக அட்டவணை போட்டுவருகிறேன். மாக்னுஸ் மாக்சிமுஸ், மூன்றாம் கான்ஸ்டன்டைன் போன்றவர்களை ஒரு நூல் பேரரசர் என்கிறது, இன்னொன்று அரியணையைப் பறித்தவர் என்கிறது. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: ‘பேரரசர்’, ‘பறித்தவர்’ என்று இரண்டே பெட்டி வைத்துக்கொண்டு ஆட்களைப் பிரிக்கப் போனால் எங்காவது இடித்துக்கொண்டே இருக்கும். அரியணைக்கு யார் வாரிசு என்று சொல்லும் சட்டம் ரோமர்களிடம் இருக்கவில்லை. 306 ஜூலை 25 அன்று யார்க் நகரில் கான்ஸ்டன்டைனைப் பேரரசராக அறிவித்தது அவருடைய தந்தையின் படைதான். மூத்த பேரரசர் கலேரியுஸ் பிறகு அவருக்கு ‘சீசர்’ என்ற இளைய பதவியை ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று ரோமில் மாக்சென்டியுஸை ஏற்றினார்கள். அவரைக் கலேரியுஸ் ஒப்புக்கொள்ளவே இல்லை. 312-ல் அவர் கான்ஸ்டன்டைனிடம் தோற்று இறந்தார். 315-ல் கான்ஸ்டன்டைனுக்காக ரோமில் எழுந்த வெற்றி வளைவில் மாக்சென்டியுஸின் பெயர்கூட இல்லை, ‘டிரான்னுஸ்’ என்ற சொல் மட்டும் இருக்கிறது. அக்கால லத்தீனில் பெரும்பாலும் அதற்குத் தோற்றுப்போன போட்டியாளன் என்றுதான் பொருள். ‘கொடுங்கோலன்’ என்று தமிழில் எழுதிவிட்டால், இல்லாத குணம் ஒன்று அவர் தலையில் ஏறிவிடும்.

எனவே ஆளுக்கு முத்திரை குத்தாமல், அட்டவணையில் ஒப்புதலுக்கு ஒரு பத்தி (நெடுவரிசை) ஒதுக்குங்கள். அறிவித்த நாள், இடம், அறிவித்தது யார், அதே சமயத்தில் வேறு பகுதியை ஆண்ட சக பேரரசர்களில் ஒப்புக்கொண்டவர் யார், எப்போது முதல் எப்போது வரை, முடிவு என்ன. இவ்வளவு போதும். மாக்னுஸ் மாக்சிமுஸ் 383-ல் பிரிட்டனில் போட்டிப் பேரரசராக எழுந்தார், மேற்கை ஆண்ட பேரரசர் கிராட்டியன் கொல்லப்பட்டார். கிழக்கில் ஆண்ட தியோடோசியுஸ் பிறகு மாக்சிமுஸை ஏற்றுக்கொண்டார். 387-ல் மாக்சிமுஸ் இத்தாலிக்குள் புகுந்ததும் உறவு முறிந்தது. 388 ஆகஸ்டில் அக்விலேயா அருகே அவரைக் கொன்றார்கள். அவர் ஆட்சியில் நடந்தவை செல்லாது என்ற சட்டம் அதே ஆண்டில் வந்தது. அவர் பறித்தவரும்தான், ஒப்புதல் பெற்ற பேரரசரும்தான். ஆண்டைச் சொன்னால்தான் விடை சொல்ல முடியும். மூன்றாம் கான்ஸ்டன்டைனும் அப்படியே: 407-ல் அறிவிப்பு, 409-ல் மேற்குப் பேரரசர் ஹொனோரியுஸ், பேரரசருக்கே உரிய ஊதா அங்கியை அனுப்பி ஒப்புதல், 411-ல் கொலை.

ஒப்புதலைக் கண்டுபிடிக்கக் கைக்கு எட்டும் சான்று கான்சல் பட்டியல். கான்சல் என்பது ரோமின் உயர்ந்த ஓராண்டுப் பதவி. ஆண்டுக்கு இரண்டு கான்சல்கள். அவர்கள் பெயரால்தான் ஆண்டையே குறிப்பார்கள். 386-ல் மாக்சிமுஸின் தலைமை அதிகாரி எவோடியுஸ் கான்சலாக இருக்கிறார், கிழக்கும் அதை ஏற்றிருக்கிறது. ஆகவே ஒப்புதல் அந்த ஆண்டுத் தொடக்கத்துக்குள் வந்துவிட்டது. சரியான நாள் கிடைக்காதபோது ‘386-க்குள்’ என்று எழுதுங்கள், ஊகித்த தேதியை நிரப்பாதீர்கள். மேற்கில் எவுகேனியுஸ் போட்டிப் பேரரசராக இருந்த 393-ஐப் பாருங்கள்: மேற்கின் பட்டியலில் தியோடோசியுஸ், எவுகேனியுஸ், கிழக்கின் பட்டியலில் தியோடோசியுஸ், அபுண்டான்டியுஸ். ஒரே ஆண்டுக்கு இரண்டு பட்டியல் இருந்தால் ஒப்புதல் இல்லை என்று அர்த்தம்.

அடுத்தது நாணயம். இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். மூத்த பேரரசரின் பட்டமான ‘அகஸ்டுஸ்’ என்பதன் சுருக்கம் ஏ-வி-ஜி. பேரரசர் இருவர் என்றால் ஜி இரண்டு, மூவர் என்றால் மூன்று. பிரிட்டனை 286 முதல் 293 வரை ஆண்ட கராவுசியுஸ், மூன்று ஜி போட்டு, அப்போதைய பேரரசர்களான டயோக்ளீஷியன், மாக்சிமியன் பெயர்களிலும் நாணயம் அடித்தார். மூவரின் முகங்களை அருகருகே வைத்து ‘கராவுசியுஸும் அவர் சகோதரர்களும்’ என்றே ஒரு நாணயம் வெளியிட்டார். அந்த இருவரின் அக்கசாலைகள் அவர் பெயரில் ஒரு காசுகூட அடிக்கவில்லை. எழுந்தவர் அடித்த நாணயம் அவருடைய விண்ணப்பம் மட்டுமே. ஒப்புதலுக்குச் சான்று மற்றவரின் அக்கசாலையில் தேட வேண்டியது.

இந்த முறையை 350-ஆம் ஆண்டில் வைத்துப் பார்த்தால் அதன் அருமை தெரியும். ஜனவரி 18-ல் கால் நாட்டின் (இன்றைய பிரான்ஸ் பகுதி) ஓட்டன் நகரில் மாக்னென்டியுஸ் பேரரசராக அறிவிக்கப்பட்டார். மார்ச் 1-ல் பால்கன் பகுதியான இல்லிரிக்கத்தில் முதிய தளபதி வெட்ரானியோ. ஜூன் 3-ல் ரோமில் நெப்போடியன், கான்ஸ்டன்டைனின் சகோதரி மகன். அந்த மாதக் கடைசியிலேயே மாக்னென்டியுஸின் ஆட்கள் அவரைக் கொன்றார்கள். மூவருமே பறித்தவர்கள் என்று எழுதிவிட்டால் வெட்ரானியோவுக்கு நேர்ந்ததை விளக்க முடியாது. கிழக்கை ஆண்ட, கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டன்டியுஸ் அவருக்கு மணிமுடி அனுப்பினார். வெட்ரானியோவின் அக்கசாலைகள் இருவர் பெயரிலும் அடித்தன. டிசம்பர் 25 அன்று படைகளின் முன்னிலையில் அவர் ஊதா அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, புரூசா நகரில் அமைதியாக வாழ்ந்து முடித்தார். மாக்னென்டியுஸின் ஒப்புதல் பத்தியோ கடைசிவரை வெறுமை. 351 செப்டம்பர் 28-ல் முர்சாவில் தோல்வி, 353 ஆகஸ்டில் லியோனில் தற்கொலை.

அவருடைய நாணயத்தில் ஒரு பொறி உண்டு. கிறிஸ்துவின் பெயரின் முதல் இரு கிரேக்க எழுத்துகளைப் பின்னிய கி-ரோ சின்னத்தைப் பெரிதாகப் பின்புறம் முழுக்கப் பொறித்தது மாக்னென்டியுஸ்தான். அதே சின்னத்தோடு டிரியர் நகரில் கான்ஸ்டன்டியுஸ் பெயரிலும் காசு கிடைக்கிறது. அதைப் பார்த்து இருவரும் சமாதானமானார்கள் என்று எழுதிவிடாதீர்கள். டிரியர் மக்கள் மாக்னென்டியுஸின் தம்பி டெசென்டியுஸுக்கு வாயிலை அடைத்து, போமேனியுஸைத் தலைவராக்கிக்கொண்டபோது அடித்த காசு அது.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். 421-ல் ஹொனோரியுஸ் முறைப்படி உயர்த்திய மூன்றாம் கான்ஸ்டன்டியுஸை எல்லாப் பட்டியலும் சேர்க்கிறது. ஆனால் கிழக்கில் இரண்டாம் தியோடோசியுஸ் அவரை ஏற்கவில்லை. உங்கள் அட்டவணையில் அவருக்கு ஒப்புதல் பாதிதான்.

மூன்றாம் நூற்றாண்டுக்கு, பேரரசர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த லத்தீன் நூலான ‘ஹிஸ்டோரியா அகஸ்டா’வில் வரும் ‘முப்பது டிரான்னுஸ்கள்’ பட்டியலை அப்படியே எடுக்காதீர்கள். புனைந்த ஆட்கள் அதில் கலந்திருக்கிறார்கள். நாணயமோ கல்வெட்டோ துணை நின்றால் மட்டும் சேருங்கள். கிடைத்த ஒரே நாணயத்தைப் போலி என்று தள்ளவும் அவசரம் வேண்டாம். கால் நாட்டில் 271 வாக்கில் எழுந்த டொமிஷியானுஸின் காசு ஒன்று 1900-ல் பிரான்ஸில் கிடைத்தபோது பலர் நம்பவில்லை. 2003-ல் இங்கிலாந்தின் சால்குரோவ் புதையலில் இரண்டாவது காசு வந்த பிறகுதான் அவருக்குப் பட்டியலில் இடம் கிடைத்தது.