'சாரி சொல்லு' என்று சொல்வதை நிறுத்திவிட்டுக் கதை சொல்ல ஆரம்பித்தேன்

கேள்வி: ஐந்து வயதுக் குழந்தைக்கு மன்னிப்புக் கேட்பதன் அருமையைக் கதை வழியாக எப்படிப் புரியவைப்பது?

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அவள் ஐந்து வயதில் இருந்தபோது இதே கேள்வி என்னையும் பாடாய்ப் படுத்தியது. தம்பியைத் தள்ளிவிடுவாள். அவன் அழ ஆரம்பித்து, நான் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்ப்பதற்குள் "சாரி சாரி சாரி" என்று மூன்று முறை சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். கண் அவன் பக்கம் திரும்பவே திரும்பாது. அந்தச் சொல் தம்பிக்கானது இல்லை, நான் திட்டிவிடக் கூடாது என்பதற்கானது. அப்படிப் பழக்கியதும் நான்தான். எதற்கெடுத்தாலும் "சாரி சொல்லு, முதல்ல சாரி சொல்லு" என்று நின்றால் குழந்தை வேறு எதைக் கற்றுக்கொள்ளும்?

சரி, கதை சொல்லிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். முதலில் சொன்ன கதைகள் எல்லாம் தண்டனைக் கதைகள். செய்த தப்பை மறைத்த குரங்கைக் காட்டில் இருக்கிற எல்லாரும் ஒதுக்கிவைத்துவிடுவார்கள், அது தனியாக மரத்தில் உட்கார்ந்து அழும், இப்படி. ஒரு வாரம் கழித்து என் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. தேடினால், ஒரு கால் உடைந்து சோபாவுக்கு அடியில் கிடக்கிறது. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் கழித்து, "சொன்னா என்னையும் அந்தக் குரங்கு மாதிரி தனியா விட்டுடுவீங்களா அப்பா?" என்றாள். எனக்கு மனசே ஆறவில்லை. தப்பை ஒப்புக்கொள்ளட்டும் என்று நான் சொன்ன கதை, தப்பை ஒளித்துவைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தபோது டொராண்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீ குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு கண்ணில் பட்டது. 3 முதல் 7 வயது வரையிலான 268 குழந்தைகள். பின்னால் இருக்கும் பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போவார். திரும்பி வந்து ஒரு கதை படித்துக் காட்டிவிட்டு, "பார்த்தாயா?" என்று கேட்பார். பொய் சொன்னதால் மூக்கு நீண்ட பினோக்கியோவின் கதையும், 'ஓநாய் வருகிறது' என்று ஏமாற்றிய சிறுவனின் கதையும் குழந்தைகளை உண்மை பேச வைக்கவில்லை. மரத்தை வெட்டியது நான்தான் என்று ஒப்புக்கொண்டு, அதற்காக அப்பாவிடம் பாராட்டு வாங்கிய ஜார்ஜ் வாஷிங்டன் கதையைக் கேட்டவர்கள்தான் கூடுதலாக உண்மையைச் சொன்னார்கள். அதே கதையின் முடிவைக் கெட்டதாக மாற்றிச் சொன்னபோது அந்தப் பலன் போய்விட்டது. (அந்த மரம் வெட்டிய சம்பவம் நடந்ததற்கு ஆதாரம் கிடையாது. வீம்ஸ் என்பவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அது வருகிறது.) ஆய்வு உண்மை பேசுவதைப் பற்றியதுதான். ஆனால் 'நான்தான் செய்தேன்' என்று வாய் திறக்காமல் மன்னிப்பு எங்கிருந்து வரும்?

இதனால்தான் பாண்டியன் நெடுஞ்செழியன் கதையைச் சின்னக் குழந்தையிடம் சொல்ல வேண்டாம் என்பேன். தப்பை உணர்ந்த ஓர் அரசனைப் பற்றி நம்மிடம் இருக்கிற மிகப் பெரிய கதை அது. ஆனால் உணர்ந்த அந்த இடத்திலேயே அவன் உயிர் போய்விடுகிறது. ஐந்து வயதில் 'ஒப்புக்கொண்டால் செத்துப்போவோம்' என்றுதான் அது மனதில் பதியும். பதின்மூன்று வயதில் சொல்லுங்கள், அப்போது அது வேறு கதை.

அந்தக் கண்ணாடிச் சம்பவத்துக்குப் பிறகு நான் கட்டிய கதை ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அக்கா காலையிலிருந்து அட்டைப் பெட்டிகளை அடுக்கிக் கோட்டை கட்டுகிறாள். தம்பி ஓடி வருகிறான், கால் இடறி எல்லாம் சரிந்துவிடுகிறது. அக்கா ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இங்கே நிறுத்திவிட்டு, "அக்காவுக்கு இப்போ எங்க வலிக்கும்?" என்று கேட்டேன். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "இங்க. அழுகை வராம இருக்கும்போது இங்கதான் வலிக்கும்." இத்தனை நாள் நான் எடுத்த பாடத்தில் இது ஒருமுறைகூட வந்ததில்லை.

கதையில் தம்பி மூடிய கதவுக்கு வெளியே வந்து நிற்கிறான். கையைத் தூக்குகிறான், தட்டவில்லை. "இப்போ என்ன பண்ணுவான்?" என்றேன். "ஓடிப்போயிடுவான்." சரி, ஓடட்டும் என்று விட்டேன். அன்றைக்குக் கதை அப்படியே போனது. தம்பி ஓடிப்போய் மாடிப்படிக்குக் கீழே உட்காருகிறான், பந்து கையில் இருக்கிறது, விளையாடப் பிடிக்கவில்லை. அதோடு தூங்கிவிட்டாள். குழந்தை சொல்கிற முடிவைத் திருத்தாமல் இருப்பதுதான் இதில் எனக்கு மிகக் கஷ்டமான வேலை. நாக்கு நுனி வரை உபதேசம் வந்து நிற்கும்.

மறுநாள் அவளே அந்தக் கதையைக் கேட்டாள். இந்த முறை தம்பி கதவைத் தட்டி சாரி சொன்னான். "சொன்னதும் அக்கா சிரிச்சாளா?" என்றேன். "இல்லப்பா. கோட்டை இன்னும் கீழதானே கிடக்கு?"

இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 6, 7 வயதுக் குழந்தைகள் கோப்பைகளை அடுக்கிக் கட்டிய கோபுரத்தை ஒருவர் இடித்துவிடுவார். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரெல், ஜஸ்வால் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு அது. மன்னிப்புக் கேட்டதும் உதவியது, திரும்பக் கட்ட உதவியதும் உதவியது. ஆனால் பட்ட வருத்தம் குறைந்தது, திரும்பக் கட்ட உதவியபோதுதான். அதனால் என் கதைகளில் மன்னிப்புக் கேட்பவர் வெறுங்கையோடு நிற்க மாட்டார். கிழிந்த படத்துக்குப் பசை கொண்டுவருவார், சரிந்த பெட்டிகளில் ஒன்றையாவது எடுத்து வைப்பார்.

பேச்சும் குழந்தை பேசுகிற மாதிரியே இருக்கட்டும். "என்னை மன்னித்துவிடு" என்று எந்தக் குழந்தை பேசுகிறது? "தெரியாம இடிச்சிட்டேன், ரொம்ப நேரம் கட்டினியா?" இந்தக் கேள்வியில் எல்லாம் இருக்கிறது. அப்புறம், எதிரில் இருப்பவர் உடனே மன்னித்துவிட வேண்டும் என்றில்லை. என் கதைகளில் பாதியில் அக்கா "இப்ப வேணாம், போ" என்றுதான் சொல்வாள். சாயங்காலம்தான் பழம் விடுவாள், சில நாள் மறுநாள். சாரி சொன்ன அடுத்த நொடி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி வளர்கிற குழந்தை, "அதான் சாரி சொல்லிட்டேனே!" என்று சண்டைக்கு நிற்கும்.

விலங்குக் கதையா, மனிதர் கதையா என்றால், இந்த விஷயத்துக்கு மனிதர்களே நல்லது. 4 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம், பகிர்ந்துகொள்வது பற்றிய ஒரே கதையை மனிதப் பாத்திரங்களோடும் விலங்குப் பாத்திரங்களோடும் தனித்தனியாகப் படித்துக் காட்டிப் பார்த்திருக்கிறார்கள். கேட்ட பிறகு தங்கள் ஸ்டிக்கர்களைக் கூடுதலாகப் பகிர்ந்தவர்கள் மனிதர் கதை கேட்டவர்கள். முயலும் நரியும் எங்கள் வீட்டில் சிரிப்பதற்கு உண்டு.

நேரம் முக்கியம். சண்டை நடந்த சூட்டோடு கதையைத் தொடங்காதீர்கள். இரண்டு நாள் போகட்டும். நடந்ததை அப்படியே பெயர் மாற்றியும் சொல்லாதீர்கள். "இது நான்தானே?" என்று கண்டுபிடித்துவிட்டால் அது கதை இல்லை, திட்டு.

கடைசியாக, எங்கள் வீட்டில் உண்மையாகவே மாற்றம் கொண்டுவந்த கதை. போன வருடம் வீட்டுச் சாவி காணாமல் போனது. அவள்தான் எடுத்து விளையாடினாள் என்று கத்திவிட்டேன். இல்லை இல்லை என்று அழுதாள், நான் கேட்கவில்லை. மத்தியானம் சாவி என் பையிலேயே இருந்தது. அன்று இரவு அவள் அறைக்குப் போய், "ஒரு ஊர்ல ஒரு அப்பா இருந்தார்" என்று ஆரம்பித்தேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவர் கத்தியதையும், சாவி பையில் கிடைத்ததையும், கிடைத்த பிறகும் வெகுநேரம் வாய் வராமல் இருந்ததையும் சொன்னேன்.

"இப்போ கதவுக்கு வெளியில நிக்கிறாரா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஆமா."

"தட்டச் சொல்லுங்க."

கட்டிலின் மரத்தில் இரண்டு முறை தட்டினேன். விசாரிக்காமல் கத்தியது என் தப்பு என்று அப்பாவாகவே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு திரும்பி, "சாவிக்கு ஒரு இடம் வேணும்ப்பா, ஆணி அடிச்சிடலாம்" என்றாள். காலையில் அவள் பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் ஆணி அடித்தேன். அவள் உயரத்துக்குத்தான் இருக்கிறது, மாட்ட நான் குனிய வேண்டும். சாவி அங்கேதான் தொங்குகிறது.