அந்தக் கட்டத்தில் யார் பெயரை எழுதுவது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். இந்த அந்நிய நாட்டுக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. நுரையீரலில் ரத்தக்கட்டி, மூச்சு முட்டி விழுந்து நான்கு நாள் ஐசியூ. நீங்கள் கேட்டுக்கொண்டதால் ஒரு நர்ஸ் கையைப் பிடித்து ஜெபித்திருக்கிறார். அதிலிருந்து வேதாகமம் படிக்கிறீர்கள், இரவில் இயேசுவிடம் பேசுகிறீர்கள். அண்ணனோ, "பயத்தில் வந்தது, பயம் தெளிந்தால் போய்விடும்" என்கிறார். இது விசுவாசமா, வெறும் பயமா, பிழைத்ததற்கு ஏதாவது நோக்கம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயத்தில்தான் வந்தது. அதில் என்ன தப்பு? வழி தெரியாதவன்தானே வழி கேட்பான். எனக்கும் அப்படித்தான் வந்தது. 14 வருஷம் ஆகிறது, இன்னும் போகவில்லை.

நான் இங்கே வந்த இரண்டாவது வருஷம். தொப்புளைச் சுற்றி லேசாக வலித்தது. மறுநாள் அது வலதுபக்க அடிவயிற்றுக்கு இறங்கியது. லீவு போட்டால் வேலை போய்விடுமோ, ஆஸ்பத்திரி பில் எவ்வளவு வருமோ என்று வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். மூன்றாம் நாள் காலையில் வலி சட்டென்று விட்டது. அப்பாடா என்று குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். குடல்வால் வெடிக்கும்போது சிலருக்குக் கொஞ்ச நேரம் அப்படி வலி விடும் என்பது பிறகுதான் தெரிந்தது. சாயங்காலம் குளிர்காய்ச்சலோடு ஆம்புலன்ஸில் போனேன்.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும்போதே ஒரு படிவத்தை நீட்டினார்கள். பெயர், பிறந்த தேதி, மருந்து ஒவ்வாமை எல்லாம் எழுதிவிட்டேன். அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று ஒரு கட்டம். உள்ளூரில் இருப்பவராக வேண்டும் என்றார்கள். வீட்டு ஓனர் பெயரை எழுதலாமென்று பேனாவை வைத்தேன். அவருடைய முழுப்பெயர் எனக்குத் தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. மை ஒரு புள்ளியாக ஊறி நின்றது. அந்தப் புள்ளியோடுதான் படிவம் உள்ளே போனது.

ஆபரேஷன் முடிந்தும் வயிற்றுக்குள் சீழ் கட்டி 11 நாள் படுக்கை. வீட்டில் சொல்லவில்லை. நெட்வொர்க் சரியில்லை, வேலை அதிகம் என்று மெசேஜ் போட்டுக்கொண்டே இருந்தேன். நான்காம் நாள் ராத்திரி சாப்ளின் வந்தார். சாப்ளின் என்றால் ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு இருக்க வரும் ஆன்மிகத் துணை. மதம் பார்க்காமல் எல்லாரிடமும் வருவார்கள், மதம் மாற்றுவது அவர்கள் வேலையே இல்லை. வயதான அம்மா, முழங்கையில் ஒட்டுப்போட்ட ஸ்வெட்டர். "பேசட்டுமா, சும்மா உட்காரட்டுமா?" என்றார். சும்மா இருங்கள் என்றேன். முக்கால் மணி நேரம் சும்மாவே இருந்தார். போகும்போது ஏதாவது வாசிக்கலாமா என்று கேட்டு, வேதாகமத்தில் உள்ள ஜெபப்பாடல்களான சங்கீதங்களில் 88ஆவதை வாசித்தார். எவ்வளவு புலம்பினாலும் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கை எட்டிப்பார்க்கும். இதில் அதுவும் கிடையாது, இருட்டு என்றே முடிகிறது. வாசித்துவிட்டு ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் புத்தகத்தை மூடினார். எனக்கு அன்றைக்குத்தான் அழுகை வந்தது.

பாதிதான் புரிந்தது, அந்நிய மொழி. அவர் போனபின் போனில் தமிழ் வேதாகமத்தைத் தேடி எடுத்து அதே சங்கீதத்தைப் படித்தேன். அப்புறம் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் யோவான் சுவிசேஷம். ஐந்தாம் அதிகாரத்தில் பெதஸ்தா குளத்தருகே 38 வருஷமாக நோயில் கிடந்தவனைப் பார்த்து, குணமாக வேண்டுமா என்று இயேசு கேட்கிறார். அவன் ஆமாம் என்று சொல்வதில்லை. என்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்கிறான். எனக்கு அந்த மைப்புள்ளிதான் ஞாபகம் வந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். எழுந்து படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதும் தன்னைக் குணமாக்கினவர் யார் என்று அவனுக்குத் தெரியாது. உதவி முதலில் வந்தது, அறிமுகம் பிறகுதான், தேவாலயத்தில். உங்கள் நான்கு நாளில் எவ்வளவு விசுவாசம், எவ்வளவு பயம் என்று ஏன் அளந்து பார்க்கிறீர்கள்?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதற்கும் ஓர் ஆள் வேதத்தில் உண்டு. எப்பாப்பிரோதீத்து. பிலிப்பி என்ற ஊரின் சபையார், சிறையில் இருந்த அப்போஸ்தலன் பவுலுக்கு உதவி கொடுத்தனுப்பிய மனிதர். போன இடத்தில் சாகக் கிடக்கிறார். அந்தச் சபைக்கு எழுதிய பிலிப்பியர் கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார்: அவருக்கு ஊர் நினைவாகவே இருக்கிறது, தான் வியாதிப்பட்டது ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்று மிகவும் வருத்தப்படுகிறார். நோயைவிட வீட்டுக்குத் தெரிந்ததே பெரிய கவலை! நம் ஆட்களைப் போலவே இருக்கிறார். பவுல் அதை மறைக்காமல் கடிதத்திலேயே எழுதி ஆளையும் அனுப்பிவிடுகிறார். நீங்களும் சொல்லிவிடுங்கள் தம்பி. நான் மூன்று மாதம் கழித்துச் சொன்னேன், அம்மா அந்த மூன்று மாதத்தை இன்னும் மன்னிக்கவில்லை.

அண்ணன் சொல்வதற்கு என்ன பதில் என்றால், கொஞ்சம் பொறுங்கள், அவ்வளவுதான். பிற்காலத்தில் இயேசு சபை என்ற துறவற சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார், 1521இல் ஸ்பெயினில் பாம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து கிடந்தார். படிக்க வீரசாகசக் கதைகள் கேட்டார், வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் கதைகளும்தான். சாகசக் கனவு அந்த நேரத்துக்கு இனித்து, பிறகு வறட்சியாக விட்டுப்போனது. மற்றது வாசித்து முடித்த பிறகும் மனதில் தங்கியது. அந்த வித்தியாசத்தை அவர் கவனித்தார். நீங்களும் அப்படிப் பாருங்கள். மூச்சு முட்டிய ராத்திரியை விட்டுவிடுங்கள், துணி மடிக்கிற செவ்வாய்க்கிழமையில் என்ன மிஞ்சியிருக்கிறது? ஞானஸ்நானம், வேலையை விட்டு ஊழியம் என்று இப்போதே எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஒரு வருஷம் போகட்டும்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் நான் கறாராகப் பேசுவேன். நுரையீரல் கட்டிக்கு, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை குறைந்தது மூன்று மாதம் என்பதுதான் வழக்கம். டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று யாராவது கேட்டால் அந்த வீட்டுப் பக்கம் போகாதீர்கள். பவுல் கூடவே ஒரு வைத்தியரை வைத்திருந்தார், லூக்கா. அதே பவுல், தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்து என்ற ஊரில் விட்டுவந்ததாக எழுதுகிறார். அப்போஸ்தலன் பக்கத்தில் இருந்தும் ஒருவர் குணமாகவில்லை. யாரும் அதற்காக அவருடைய விசுவாசத்தைக் குறை சொல்லவில்லை. சபையில் சாட்சி சொல்லச் சொன்னால் சிலர் முகத்தில் ஓர் எதிர்பார்ப்பு தெரியும், அற்புதம் எங்கே என்று. என் சாட்சியில் சர்ஜனும் ஆன்டிபயாட்டிக்கும்தான் இருக்கிறார்கள். நான் அதைக் கூட்டிச் சொல்வதில்லை.

அப்புறம் நோக்கம். ஏதோ பெரிய காரியத்துக்காகத்தான் கடவுள் உன்னைப் பிழைக்க வைத்தார் என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். என் பக்கத்துப் படுக்கை அம்மா ஆறாம் நாள் விடியற்காலை போய்விட்டார். திரையை இழுத்து மூடினார்கள், சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது. அவருக்கு நோக்கம் இல்லையா? அதனால் அந்தப் பேச்சு எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. நான் கண்டது சின்னது. ஒரு நாற்காலி. உடம்பு தேறிய பிறகு அதே மாதிரி வார்டுகளில் தன்னார்வலராகப் போகப் பயிற்சி எடுத்தேன். வாரம் ஒரு மாலை போகிறேன். பிரசங்கம் கூடாது, நோயாளி கேட்டாலொழிய ஜெபமும் கூடாது. பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருப்பேன், சார்ஜர் தேடிக் கொடுப்பேன். டாக்டர் சொன்னது புரியாதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம் என்று சொல்லிக் கொடுப்பேன். முதலில் இது ஊழியம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

தனியாக வந்த ஏழு பேருடைய படிவங்களில் அந்தக் கட்டத்தில் இப்போது என் பெயர் இருக்கிறது. இதுவரை இரண்டு தடவை நடுராத்திரியில் போன் வந்திருக்கிறது, இரண்டு தடவையும் போனேன்.

அடுத்த செக்கப்பில் உங்களுக்கும் படிவம் தருவார்கள். வேறு ஆள் கிடைக்கும்வரை என்னைப் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணைத் தனியாக அனுப்புகிறேன், முழுப்பெயரோடு.