மொபைல் கேமும் விமர்சகர்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐபோனுக்காகத் தனியாளாக உருவாக்கிய என் கேம் அடுத்த மாதம் வெளிவருகிறது. வெளியாகும் முன்பே விமர்சகர்கள் அதை விளையாட என்ன வழி?

பதில்: வெளியாகாத ஆப்பைப் பிறர் சோதித்துப் பார்க்க ஆப்பிள் தரும் டெஸ்ட்ஃப்ளைட் ஒரு வழி. அதில் வெளியாட்கள் 10,000 பேர் வரை சேரலாம். ஒவ்வொரு பதிப்பும் 90 நாள் இயங்கும். ஆனாலும் நான் பரிந்துரைப்பது ப்ரோமோ கோடைத்தான் (ஆப் ஸ்டோரில் உள்ளிட்டால் கேமை இலவசமாகப் பெற உதவும் குறியீடு), ஏனெனில் அதன்மூலம் விமர்சகருக்குக் கிடைப்பது மக்கள் வாங்கப்போகும் அதே முழுமையான கேம். ஆப்பிளின் ஒப்புதலுக்கு முன்கூட்டியே அனுப்பி, ஒப்புதல் கிடைத்ததும் தானாக வெளியாகாமல் நீங்களே வெளியிடும்படி அமைத்துவிட்டால், அந்த இடைவெளியில் கோடுகளை எடுத்துக் கொடுக்கலாம். ஒரு பதிப்புக்கு 100 கோடுகள் கிடைக்கும். எடுத்த நாளிலிருந்து 28 நாளில் அவை காலாவதியாகிவிடும். ஆகவே ஆர்வத்தில் மொத்தத்தையும் முதல் நாளே எடுத்து வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஓய்வாக உட்கார்ந்து கோடை உள்ளிடும் விமர்சகருக்கு அது செல்லாது என்று திரையில் வந்தால், அவர் உங்களிடம் வேறொன்று கேட்டு எழுதமாட்டார். அடுத்த மடலைத் திறந்துவிடுவார்.

கேள்வி: ஆண்ட்ராய்டில் விலை வைத்து விற்கப்போகிறேன். விமர்சகர்களும் பணம் கட்ட வேண்டுமா?

பதில்: வெளியீட்டுக்கு முன் நீங்கள் சேர்க்கும் ஆட்கள் மட்டும் சோதிக்க கூகுள் ப்ளே தரும் வழிகளில், க்ளோஸ்டு டெஸ்டிங்கில் சேர்த்தால் கட்ட வேண்டியிருக்கும்; இன்டர்னல் டெஸ்டிங்கில் 100 பேர் வரை இலவசமாக நிறுவலாம். கூகுள் ப்ளேயில் கேம் வெளியிட நீங்கள் வைத்திருக்கும் தனிநபர் கணக்கு 2023 நவம்பர் 13க்குப் பின் தொடங்கியது என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் க்ளோஸ்டு டெஸ்டிங்கில் இருந்த பிறகே பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். அதைக் கணக்கில் கொள்ளாமல் எவருக்கும் வெளியீட்டுத் தேதியைச் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: ஐம்பது பேருக்கு மடல் அனுப்பினேன், ஒருவரும் பதில் எழுதவில்லை. மடலை இணைத்துள்ளேன்.

பதில்: படித்தேன். முதல் மூன்று பத்திகளில் உங்கள் இரண்டாண்டு உழைப்பு இருக்கிறது. விளையாடுபவர் என்ன செய்வார் என்பது நான்காம் பத்தியில்தான் வருகிறது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன், ஆனால் விமர்சகருக்கு முதலில் தேவைப்படுவது அதுவல்ல. "வாய்க்காலைத் திருப்பி வயலை நனைக்கும் புதிர், ஒற்றை விரலில், இணையம் இல்லாமல்" என்ற உங்கள் வரியை மேலே கொண்டுவந்து, அதன் கீழே பத்து விநாடி அசைபடம், கோடு, வெளியீட்டுத் தேதி, பிரஸ் கிட் (எழுதுபவர்களுக்கான படங்களும் விவரங்களும் கொண்ட தொகுப்பு) இணைப்பு ஆகியவற்றை வையுங்கள். பிரஸ் கிட்டில் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்களின்மேல் விளம்பர வாசகம் எதுவும் இருக்கக் கூடாது. 2008 முதல் மொபைல் கேம்களுக்கென்றே இயங்கிவந்த டச் ஆர்கேட் தளம், தன் பணியை நிறுத்துவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது எனக்கு இன்றும் வருத்தமே. அத்தகைய தளங்கள் அருகிவிட்டதால், புதிர் கேம்களை மட்டுமே விளையாடிக் காட்டும் சிறிய யூடியூப் சேனல்களையும் தேடி எழுதுங்கள்.

கேள்வி: ஒரு தளம் விமர்சனத்துக்குக் கட்டணம் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அது விளம்பரம். அதை விளம்பரம் என்று குறிப்பிடாமல் வெளியிட்டால் வாசகரை ஏமாற்றுவதாகும்.

கேள்வி: முன்கூட்டியே காட்டினால் யாராவது நகலெடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதுதான். விளாம்பீர் என்ற கேம் தயாரிப்புக் குழு இணையத்தில் வெளியிட்ட தன் மீன்பிடி கேமை ஐபோனுக்காகப் புதிதாக உருவாக்கிக்கொண்டிருந்தபோதே, 2011இல் அதன் நகலை இன்னொருவர் வெளியிட்டுவிட்டார். ஆனால் அந்த நகல் பிறந்தது எல்லோரும் விளையாடக்கூடிய பழைய கேமிலிருந்து, விமர்சகரின் கைபேசியிலிருந்து அல்ல. அப்படிப் புதிதாக உருவாக்கிய குழுவின் ஐபோன் கேம், ரிடிக்குலஸ் ஃபிஷிங், 2013 மார்ச்சில் வெளிவந்து, அதே ஆண்டு ஆப்பிளின் வடிவமைப்பு விருதையும் பெற்றது. எந்த நாள், எத்தனை மணிக்குப் பிறகு விமர்சனத்தை வெளியிடலாம் என்பதை இந்திய நேரமா வேறு நேரமா என்பதோடு மடலிலேயே குறிப்பிட்டுவிட்டு, தயங்காமல் அனுப்புங்கள்.